ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது

இரண்டாம் நிலை நகராட்சி ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது:

“எங்கள் தெருவில் 46 வீடுகள். 1994-இல் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்கு வருவோம். இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். போன ஐப்பசி மழையில் ஹாலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மாசியில் புது ரோடு போட்டார்கள். போட்ட இரண்டாம் மாதமே குடிநீர்க் குழாய்க்காக வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடம் இன்னும் மண்மேடாகத்தான் கிடக்கிறது. பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள் என்று எங்கள் சங்கமே சிமெண்ட் வாங்கி ஒரு வேகத்தடை போட்டோம். அதில் ஒரு பெரியவர் விழுந்து கை முறிந்துவிட்டது. தெருமுனையில் மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் விளக்கு எரிவதில்லை, தண்ணீர் தேங்குகிறது. நகராட்சிக்குப் போனால் நெடுஞ்சாலைத் துறையிடம் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் நகராட்சி என்கிறார்கள். யாரிடம் போய் என்ன கேட்பது? அடுத்த முறை ரோடு போடும்போதாவது எங்கள் வீடுகள் இன்னும் இறங்காமல் இருக்க வழி உண்டா?”

டீச்சர், வணக்கம்.

முப்பத்தொரு வருடம் நகராட்சிகளில் பொறியாளர் வேலை பார்த்தவன் நான். இந்த நான்கு கேள்விகளையும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பல நூறு முறை கேட்டிருக்கிறேன். “மனு கொடுத்துட்டுப் போங்கம்மா, பார்க்கிறோம்” என்று பதிலும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிராயச்சித்தமாக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. நகராட்சிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு இந்த வாரமே அந்த வேகத்தடையை உடைத்து எடுத்துவிடுங்கள். ஜல்லி ஒன்றுகூட ரோட்டில் கிடக்காமல் பெருக்கிவிடுங்கள்.

நீங்கள் போட்டது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். அகலம் ஒன்றரை அடி, உயரம் ஆறு அங்குலம். அதை வேகத்தடை என்று சொல்லக் கூடாது, குறுக்குச் சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டி வேகத்தடைக்குச் சொல்லும் அளவு வேறு: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு சின்ன காரின் நீளம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துண்டை வெட்டிக் கவிழ்த்தது மாதிரி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய முதுகு. மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்தால் லேசாக ஏறி இறங்கும். வேகமாக வந்தால் தூக்கிப் போடும். நம் ஊர்ச் சுவரில் எல்லாமே தலைகீழ். மெதுவாக வரும் ஸ்கூட்டிக்காரருக்குத்தான் முதுகெலும்பில் அடி. பறந்து வரும் பையன் ஒரு குலுக்கலோடு தாண்டிப் போய்விடுவான். அந்தப் பெரியவர் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

அதோடு கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், ராத்திரி கண்ணில் படும்படி வெளிச்சம் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத தடையைப் பொது வழியில் போட்டவர் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிவரும். பொது வழியில் இடையூறு செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், அடுத்து விழுபவர் தலையில் அடிபட்டால் வழக்கு அதோடு நிற்காது. நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.

தடை வேண்டுமென்றால் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள், போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு நகல் கொடுங்கள். காவல்துறை இடத்தைப் பார்த்துப் பரிந்துரைத்தால் நகராட்சி போடலாம். எத்தனை மணிக்கு வண்டிகள் பறக்கின்றன, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, பள்ளி வேன் எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு எழுதினால் மனுவுக்குக் கனம் கூடும். நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

சரி, இனி வீடு இறங்கிய கதை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மூன்று படி மேலே இருந்த வாசல் ஒரு படி கீழே போயிருக்கிறது. மொத்தம் நான்கு படி. படிக்கு ஆறு அங்குலம் என்று வைத்தால் இரண்டு அடி, 60 செ.மீ. முப்பது வருடத்தில் ஆறு முறை ரோடு போட்டிருப்பார்களா? ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே ஜல்லி பரப்பி உருட்டினால் அது 7.5 செ.மீ. அதன்மேல் தார்க்கலவை 2.5 அல்லது 3 செ.மீ. ஆக ஒரு தடவைக்குப் பத்து செ.மீ. ஆறு தடவைக்கு உங்கள் 60. உங்கள் வீடு மண்ணுக்குள் புதைந்துவிட்டதோ என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் கவலையை விடுங்கள். வீடு போட்ட இடத்தில்தான் இருக்கிறது, ரோடுதான் வளர்ந்திருக்கிறது.

ஏன் மேலே மேலே போடுகிறோம்? நானே போட்டிருப்பதால் உள்ளதைச் சொல்கிறேன். பழையதைக் கொத்தி அள்ளி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது செலவு. அந்தச் செலவில் இன்னும் அரைத் தெருவுக்கு ரோடு போடலாம். “பத்து தெரு கேட்டேன், ஏழு தெருதான் வருதா?” என்று வார்டு உறுப்பினர் கேட்பார். மேலே போட்டால் பத்துத் தெரு வரும். அந்தப் பத்துத் தெருக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள், அடுத்த ஐப்பசி வரைக்கும்.

2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது, வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். பொறியாளர்கள் இதை மில்லிங் என்போம். சுரண்டல் நடந்தால்தான் மக்களுக்கு நல்லது என்று சொல்லக்கூடிய ஒரே இடம் தமிழ்நாட்டில் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். மில்லிங் செய்ய வேண்டும் என்று அரசு சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரிவதால் மட்டும் உங்கள் தெருவில் அது நடந்துவிடாது. எஸ்டிமேட்டில் ‘பழைய மேற்பரப்பைச் சுரண்டி அப்புறப்படுத்துதல், இத்தனை சதுர மீட்டர்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் காண்ட்ராக்டருக்கு அதைச் செய்யக் கடமை இல்லை, செய்தால் காசும் இல்லை. ரோலர் வந்து நிற்கும் அன்று காலையில் தெருவே திரண்டு மறியல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பாவம், மூன்று மாதம் தாமதம். எஸ்டிமேட் போடும்போது, டெண்டர் விடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். உங்கள் தெரு இந்த வருடப் பணிப் பட்டியலில் இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலைக்கு ஒரு கொத்தனார் வேண்டும், வேகத்தடையை உடைக்க வந்த ஆளே போதும். அவரிடம் டியூப் மட்டம் இருக்கும், தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய். தெரு முனையில் அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர், பழைய பாலத்தின் கைப்பிடி, எதுவானாலும் சரி. அதில் ஒரு கோடு கிழித்துப் பெயிண்ட் அடியுங்கள். அந்தக் கோட்டு மட்டத்தைக் குழாயால் ஐந்து வீட்டுக்கு ஒரு சுவரில் கடத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அளவு: கோட்டிலிருந்து ரோட்டின் நடு எவ்வளவு கீழே, வாசல்படி எவ்வளவு கீழே, வடிகாலின் மேல்மூடி எவ்வளவு கீழே. ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும். தேதி போட்டு, ஸ்கேல் தெரியும்படி படம் எடுத்து, தாளில் வரிசையாக எழுதி மனுவோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். ‘எங்கள் தெருவில் ரோடு உயர்ந்துவிட்டது’ என்று வரும் மனுவும் ‘நான்காவது வீட்டருகே ரோட்டின் நடுமட்டம் வடிகால் மூடியைவிட 22 செ.மீ. உயரம், வாசல்படியைவிட 15 செ.மீ. உயரம்’ என்று வரும் மனுவும் ஒரே கோப்பில் போனாலும் ஒரே மாதிரி படிக்கப்படுவதில்லை. முதலாவதற்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிவிடலாம். இரண்டாவதைப் படித்த பிறகு ஒரு பொறியாளர் அதே தெருவுக்கு மேலோட்டமாக ஒரு எஸ்டிமேட் போட்டால், நாளைக்குத் தணிக்கையில் அந்தத் தாள் அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

இதோடு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன 60 செ.மீ. திரும்பி வராது. சின்னத் தெருவில் தாரைச் சுரண்டினால் மூன்று நான்கு செ.மீ. குறையும், அடியிலுள்ள ஜல்லியையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டால் பதினைந்து இருபது வரை இறக்கலாம். அதற்குக் கீழே குழாய்களும் கேபிளும் இருக்கின்றன. பக்கத்துத் தெருக்களும் உயர்ந்திருப்பதால் உங்கள் தெருவை மட்டும் ஆழமாக இறக்கினால் ஊர்த் தண்ணீரெல்லாம் உங்களிடம் வந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ‘1994 மட்டத்துக்குக் கொண்டுவா’ என்பதல்ல, ‘இனி ஒரு செ.மீ. கூட ஏற்றாதே, வடிகாலுக்கு வாட்டம் கொடு’ என்பது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அது செய்யலாமா என்று யோசித்திருப்பீர்கள். செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் தெருமட்டம் நின்றுவிட்டது என்று உறுதியாகும் முன்னால் அந்தச் செலவை இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

வாட்டம் என்றேன் அல்லவா, தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவு, ரோட்டு வேலையில் எனக்குப் பிடித்த வார்த்தை அது. தார் ரோட்டுக்கு லாரியைவிடத் தண்ணீர்தான் எமன். நாம் தார் என்று சொல்வது உண்மையில் பெட்ரோலியத்தின் அடிக்கசடு. அது காய்ந்த கல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊறினால் கல்லுக்கும் அதற்கும் இடையே புகுந்து பிரித்துவிடும். பிரிந்த கல்லை டயர் பிடுங்கி எறியும், அந்தக் குழியில் இன்னும் தண்ணீர் நிற்கும், குழி பள்ளமாகும். நல்ல மழை நாளில் ராத்திரிக்குள் இவ்வளவும் நடக்கும். அதனால்தான் ரோட்டின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பது. 5 மீட்டர் அகலத் தெருவில் நடுவிலிருந்து ஓரத்துக்கு சுமார் 6 செ.மீ. சரிவு, அதாவது ரெண்டரை அங்குலம். புது ரோடு போட்ட மறுநாள் ஒரு பக்கெட் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி வடிகாலுக்குப் போனால் சரி. அங்கேயே குளமாக நின்றால், அல்லது ஓரம் வரை போய் உங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பினால், அதை வீடியோ எடுங்கள்.

இங்கே உங்கள் தெருக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கார் ஏறுவதற்கு வடிகாலின் மேல் சிமெண்ட் சரிவு போட்டு ரோட்டுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்ட வீடுகள் உங்கள் 46-இல் எத்தனை? வடிகால் வாயை அடைத்துக் கோலம் போடத் திண்ணை கட்டியவர்கள் எத்தனை பேர்? ஊரில் எந்தத் தெருவை அளந்தாலும் பாதிக்குப் பாதி இருக்கும். தண்ணீர் வடிகாலுக்குப் போக வழியில்லாமல் ரோட்டில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். டியூப் மட்டம் பிடிக்கும் அன்றே அதையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்குள் சண்டை வரும், வரட்டும்.

அடுத்தது, போட்ட ரோட்டை வெட்டிய விவகாரம். மாசியில் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியமில்லை. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவு காட்ட வேண்டும். மழை முடிந்து தை பிறந்தால் தார் பிளாண்டுகள் இரவு பகலாக ஓடும். குடிநீர்க் குழாய்த் திட்டமோ வேறு நிதி, வேறு காண்ட்ராக்டர், வேறு கெடு. ஒரே கட்டடத்தில் இரண்டு அறையில் இரண்டு கோப்பும் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றுக்கொன்று வணக்கம்கூட சொல்லிக்கொள்ளாது. எந்தத் தெருவில் முதலில் பைப், எதில் முதலில் ரோடு என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும். அப்படி உட்கார வைக்கிற ஆணையர்கள் இருந்த ஊர்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றலாகிப் போன மறுமாதம் பழையபடி ஆகும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, வெட்டிய இடத்தை மூடிச் சீரமைப்பதற்கான செலவு அந்தக் குழாய்த் திட்டத்தின் எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். ‘மறுசீரமைப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்’ என்று கேளுங்கள். மண்ணை 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இடித்து மேலே வர வேண்டும். அப்படிச் செய்யாமல் தோண்டிய மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளிக் குவித்துவிட்டு, வண்டி ஏறி ஏறித் தானாக அமரும் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் மண்மேடு அதுதான். அது அமரும், மழைக்காலத்தில், ஒரு பால் வண்டியின் சக்கரத்தோடு.

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. புது ரோட்டுக்கு ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் பெயர்ந்தால் போட்டவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் அது ஐந்து வருடம். நகராட்சி வேலைகளில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனால் குழாய்க்காக வெட்டியதுமே ரோட்டுக் காண்ட்ராக்டர், “என் ரோட்டை நீங்களே வெட்டிட்டீங்க சார், இனி என் பொறுப்பு இல்லை” என்று கழன்றுகொள்வார். வெட்டாத பகுதியில் பெயர்ந்தாலும் அதையே சொல்வார். ஆகவே வெட்டாத பகுதி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. அடுத்த முறை தார்க்கலவை லாரி வரும்போது தார்ப்பாய் போர்த்தி வருகிறதா என்று பாருங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வி.ஜி. 30 என்ற தார் ரகத்துக்குப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும், 90-க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்திருக்க வேண்டும். ஒரு ஊரில் சாயங்கால லாரியில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், 110. திருப்பி அனுப்பு என்றேன். “போடலாம் சார், காலையில வெயில்ல தானா சூடாயிடும்” என்றார் காண்ட்ராக்டர், முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல். சேலத்து வெயிலாக இருந்தாலும் 140 டிகிரி வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஆறிப்போன கலவை கட்டி கட்டியாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும். கண்ணுக்கே தெரியும். நீல நிறத்தில் புகை வந்தால் நேர்மாறு, தீய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தெருமுனைக்கு வருவோம். பந்து மாதிரி உங்களை உதைத்தவர்கள் இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மெயின் ரோடு யாருடையது என்று முதலில் பாருங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கிலோமீட்டர் கல் இருக்கும். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில்தான் இருக்கும். வண்டி ஓடும் தார்ப்பரப்பும் அதன் ஓரமும் அவர்களுடையது. அதே ரோட்டில் நிற்கும் தெருவிளக்கு உள்ளாட்சியினுடையது. விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பி மின்வாரியத்தினுடையது. சிக்னல் எங்கே வேண்டும், எது ஒருவழி, எங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று சொல்வது காவல்துறை. உங்கள் தெருத் தண்ணீர் நெடுஞ்சாலையின் வடிகாலில் சேர வேண்டுமென்றால் நெடுஞ்சாலைத் துறை அனுமதிக்க வேண்டும். இருபதடி சதுரத்தில் நான்கு முதலாளிகள்.

அதனால் ‘முனையைச் சரிசெய்யுங்கள்’ என்று ஒரே மனுவை நான்கு பேருக்கும் அனுப்பினால் நால்வருமே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். விளக்குக்குத் தனியாக நகராட்சிக்கு எழுதுங்கள், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு. ரோட்டில் பள்ளம் என்றால் நெடுஞ்சாலைத் துறையின் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு ஏற்றுங்கள்; அந்தத் துறையின் ரோட்டுக்கு அது 2023-லிருந்து இருக்கிறது. தண்ணீர் தேங்குவதற்கு மட்டும் இரண்டு துறையும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். ‘கூட்டு ஆய்வு’ என்ற வார்த்தையைப் போட்டு எழுதுங்கள்.

விபத்து நடந்திருந்தால் இன்னொரு கதவு இருக்கிறது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. ஆட்சியர் தலைவர், காவல்துறை, நெடுஞ்சாலை, போக்குவரத்து அலுவலர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். இந்தக் குழுக்களுக்குப் பின்னால் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இருக்கிறது. தினம் தினம் உடைந்த எலும்பை ஒட்டிக்கொண்டிருந்தவர், எலும்பை உடைக்கும் ரோட்டைப் பற்றி வழக்குப் போட்டார். மாவட்டம்தோறும் இப்படிக் குழு இருக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கும்போது, ‘சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டுகிறேன்’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அது சுற்றிச் சுற்றி அதே உதவிப் பொறியாளர் மேசைக்கே வந்து சேரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைப் பின்பற்றாமல், அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ காண்ட்ராக்டருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இருக்கிறது, அதை எடுத்து வீசியவர்களை நான் பார்த்தது குறைவு. மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள் போதும், மிரட்டலாக எழுத வேண்டாம்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் மோசமாகப் போட்டீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை. கேட்க வேண்டியவை: பணியின் பெயர், எஸ்டிமேட் நகல், பணி ஆணை தேதி, தார்க்கலவையின் கனம் எவ்வளவு என்று குறிப்பிடப்பட்டது, அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்களின் நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. அளவுப் புத்தகத்தை நாங்கள் எம்-புக் என்போம். எவ்வளவு வேலை நடந்ததென்று அளந்து எழுதி, அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். மூன்று செ.மீ. என்று எம்-புக்கில் இருந்து, குழாய்க்கு வெட்டிய விளிம்பில் உங்கள் ஸ்கேல் இரண்டு காட்டினால், அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை. அந்த வெட்டு விளிம்பை இப்போதே அளந்துவிடுங்கள், மூடிய பிறகு கிடைக்காது. ரோடு வெட்டப்பட்டதில் உங்களுக்கு ஒரே லாபம் இதுதான்.

இதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில், பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்தோடு கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ரோட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக் கொடு என்று கேட்கலாம். என் சர்வீஸில் ஒரே ஒருவர் கேட்டார், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். அலுவலகமே ஆடிப்போனது. அந்த வட்டாரத்தில் அடுத்து மூன்று வருடம் ரோடு நன்றாகத்தான் போட்டோம்.

வார்டில் மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது டியூப் மட்டத் தாளைக் கொண்டுபோய் வாசித்து, பதிவேட்டில் எழுத வையுங்கள். 2022-இல்தான் அதற்கு விதிகள் வந்தன, பல ஊரில் இன்னும் பேருக்குத்தான் நடக்கிறது. ஆனாலும் பதிவேட்டில் ஏறியதை நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பங்கு கட்டி நாங்களே நல்ல ரோடாகப் போட்டுக்கொள்ளலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு கொடுக்கும் திட்டம் அது. கட்டலாம். ஆனால் அந்தப் பணத்தை ரோட்டில் போடாதீர்கள், வடிகாலில் போடுங்கள். உங்கள் தெருமுனையில் நெடுஞ்சாலை வடிகாலோடு சேரும் அந்த ஒரு இணைப்பைக் கேளுங்கள். ரோடு எப்படியும் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்து, கொத்தனாருக்கு இன்றைக்கே போன் பண்ணிவிடுங்கள். அளவுத் தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்பினால், எஸ்டிமேட்டில் என்னென்ன வரி கேட்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.